உள்ளங்கையை ஊன்றி எழு

லிவர்பூல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நீண்ட கடிதம்தான், பொறுமையாகப் படி. எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. இதில் இருப்பது முதலில் உனக்கு.

ஈஸ்டர் லீவுக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தபோது கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம் அல்லவா? சாப்பிட்டு முடித்து நீ எழுந்த விதத்தை நான் பார்த்தேன். இடது கையில் தட்டு. வலது கையை ஊன்றித்தான் எழ வேண்டும். நீ உள்ளங்கையை விரித்து வைக்கவில்லை. விரல்களை மடக்கி, முஷ்டியைத் தரையில் குத்தி எழுந்தாய். கொஞ்ச நேரம் கழித்து மாங்காய் ஊறுகாய் பாட்டிலை அருணிடம் நீட்டித் திறக்கச் சொன்னாய். அவனுக்கு 8 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் பார்ஸில் தொங்கிச் சுழல்கிற பெண் மூடி திறக்கத் தம்பியைக் கூப்பிடுகிறாள் என்றால், 22 வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறவளுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அன்று ராத்திரி மருதாணி வைக்கிற சாக்கில் உன் மணிக்கட்டை எடுத்துக் கட்டைவிரல் பக்கமாக அழுத்தினேன். நீ முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஆனால் உன் கால்விரல் பத்தும் மடங்கின. "எத்தனை நாளாக?" என்றேன். "கொஞ்ச நாளா" என்றாய். திரும்பக் கேட்டபோது, "பொங்கலிலிருந்து" என்றாய். பொங்கலிலிருந்து ஈஸ்டர் வரை மூன்று மாதம், கண்ணு! பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாதே, மே மாதம் அந்தப் பெரிய கிளப்பில் ட்ரையல் இருக்கிறது, எனக்கு 14 ஆகிவிட்டது, இனிமேல் நேரமே இல்லை என்றாய்.

ஒரு வாரமாக என் மனசில் அந்த "நேரமே இல்லை"தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் அறையில் நீ படம் ஒட்டியிருக்கிற ஜிம்னாஸ்ட் ஜெசிகா காதிரோவாவுக்கு முன்னால், இங்கே லிவர்பூலில் ஒரு கிளப்பில் பயிற்சி செய்த ஒருவர் இருந்தார். பெத் ட்வெடில். இங்கிலாந்துப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் உலக மேடை ஏறுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்காத காலத்தில் ஏறியவர். அவர் தொடங்கியது 7 வயதில். இந்த விளையாட்டில் அதையே தாமதம் என்பார்கள். 2002இல், 17 வயதில், ஐரோப்பியப் போட்டியில் பார்ஸில் வெண்கலம். அடுத்த வருஷம் அமெரிக்காவின் அனாஹைமில் நடந்த உலகப் போட்டியிலும் வெண்கலம். 2006இல் டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரில் தங்கம். உலகப் போட்டியில் இந்த நாட்டு ஜிம்னாஸ்ட் ஒருவர் வாங்கிய முதல் தங்கம் அது. அவர் பேரிலேயே பார்ஸில் ஒரு வித்தை உண்டு. பாதத்தை பாரில் ஊன்றிச் சுழன்று, கையை விட்டு, பாருக்கு மேலே முதுகுப்பக்கமாகப் பறந்து, பறக்கும்போதே அரைச் சுற்றுத் திரும்பி மறுபடி பிடிக்க வேண்டும். எழுதும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இத்தனை இருந்தும் ஒலிம்பிக் பதக்கம் மட்டும் வரவில்லை. 2004 ஏதன்ஸில் இல்லை. 2008 பெய்ஜிங்கில் பார்ஸ் இறுதியில் நான்காம் இடம். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு 16.650, இவருக்கு 16.625. அப்போது அவருக்கு 23 வயது. ஓய்வு பெற்றுவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் விளையாடிக்கொண்டே லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் பட்டமும் வாங்கி முடித்திருந்தார். போவதற்கு அவருக்கு வேறு வழி இருந்தது. இருந்தும் போகவில்லை.

2009இல் லண்டன் ஓ2 அரங்கில் உலகப் போட்டி. சொந்த நாடு, சொந்தக் கூட்டம், சொந்த பார்ஸ். தகுதிச் சுற்றில் அந்த பார்ஸிலிருந்தே விழுந்தார். இறுதிக்கே போக முடியவில்லை. மிச்சம் இருந்தது ஃப்ளோர் மட்டும். அதில் தங்கம் வாங்கினார்! அடுத்த வருஷம் ராட்டர்டாமில் மறுபடி பார்ஸில் தங்கம்.

இனி 2012. இந்த இடத்தை நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். அந்த வருஷம் வசந்த காலத்தில், ஒலிம்பிக் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில், அவருடைய முழங்கால் மக்கர் செய்தது. அவருக்கு 27 வயது, மூன்றாவது ஒலிம்பிக், சொந்த நாட்டில். "நேரமே இல்லை" என்று சொல்ல உலகத்தில் யாருக்காவது நியாயம் இருந்ததென்றால் அது அவருக்குத்தான். என்ன செய்தார்? முழங்காலில் சின்னத் துளை போட்டு ஆபரேஷன் செய்துகொண்டார். அந்த வருஷத்து ஐரோப்பியப் போட்டியை விட்டுக்கொடுத்தார். காலை ஆறவிட்டு, படிப்படியாகத் திரும்பி வந்து, ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 16.133 எடுத்து முதலிடத்தில் நின்றார்.

ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. பார்ஸ் இறுதி. ஆஸ்பத்திரி ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சின்ன டிவியைச் சுற்றி நின்றோம். மேலே அவர் செய்த எல்லாம் சுத்தம். கடைசியில் இறங்கும்போது கால் நிற்காமல் பின்னால் போனது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். 15.916, வெண்கலம். வெள்ளிக்கு 15.933, தங்கத்துக்கு 16.133. தகுதிச் சுற்றில் அவரே எடுத்த அதே 16.133. எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர், "அந்த ஒரு அடி இல்லாவிட்டால்..." என்று அங்கலாய்த்தார். நான் டிவியில் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலோடு அவர் அங்கே வந்து நின்றதே எனக்குப் பெரிதாகப் பட்டது. 2009இல் பார்ஸிலிருந்து விழுந்தாரே, அதே அரங்கம்தான் அது.

நீயும் ட்வெடில் ஆவாய் என்று சொல்ல இதை எழுதவில்லை. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனசில்லை. 9 வயதில் தொடங்கி, வாரம் ஏழெட்டு மணி நேரம் பயிற்சி செய்த ஒரு பெண் ஒலிம்பிக் போவது மிகமிக அரிது. அது உனக்கும் தெரியும். ஆனால் 14 வயதில் கதவு சாத்திவிடுகிறது என்று யாரோ உன் தலையில் ஏற்றியிருக்கிறார்களே, அது தப்பு. பெண்கள் 16 வயது நிறைகிற வருஷத்தில்தான் ஒலிம்பிக்கில் இறங்கவே முடியும், 1997இலிருந்து விதி அதுதான். நாட்டிங்ஹாம் பெண் பெக்கி டௌனி முதல் ஒலிம்பிக் போனது 16 வயதில், பெய்ஜிங்குக்கு. 2012இல் அணியில் இடம் இல்லை. 2016இல் ரியோ போனார். டோக்கியோ தேர்வு நேரத்தில் தம்பி திடீரென்று இறந்துபோனான், அந்தத் தடவையும் இடம் கிடைக்கவில்லை. அப்புறம் 2024இல் பாரிஸ் போனார், 32 வயதில். 16 வருஷம், கயல். நீ பிறந்து வளர்ந்த காலத்தைவிட நீளம்.

இப்போது என் கதை. உன் அம்மாவுக்கே முழுசாகத் தெரியாது. ஸ்கூலில் நான் 400 மீட்டர் ஓடினேன். பத்தாவது படிக்கும்போது கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் ஒரு இடத்தில் வலி. விரல் வைத்தால் சுரீரென்னும். திருச்சியில் போட்டி, வெள்ளிக்கிழமை பஸ். என் பேர் நோட்டீஸ் போர்டில் இருந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. பி.டி. டீச்சர் தங்கமானவர், சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார். நான்தான் சொல்லவில்லை. சொன்னால் பேரை அடித்துவிடுவார்களே என்ற ஒரே பயம். ஓடினேன், கடைசி வளைவில் எலும்பு விட்டுவிட்டது. அதற்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான் ஓட்டம். இப்போதும் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்து, "ரொம்ப வலிக்கல" என்று சொன்னால் எனக்கு அந்த நோட்டீஸ் போர்டு ஞாபகம் வரும்.

என் வாயை யாரும் அடைக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் பிள்ளைகளின் வாயை அடைத்த கதைகளும் உன் விளையாட்டில் ஏராளம். 2020இல் டௌனி சகோதரிகள் பெக்கியும் எல்லியும் வெளிப்படையாகப் பேசினார்கள். எங்களுக்கு நடந்த கொடுமைகள் ஊறிப்போய், அதுதான் இயல்பு என்றே நினைத்திருந்தோம் என்று சொன்னார்கள். அவர்களைத் தொடர்ந்து பலர் பேசினார்கள். ஆன் வைட் என்ற வழக்கறிஞர் தலைமையில் விசாரணை நடந்தது. 400க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தந்தார்கள். 2022 ஜூனில் அறிக்கை வந்தது. காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது, எடை போட்டு அவமானப்படுத்தியது, சாப்பாடும் தண்ணீரும் மறுத்தது, பாத்ரூம் போகவிடாதது எல்லாம் அதில் இருக்கிறது. நான் அதை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். உன் வயதுப் பிள்ளைகள், உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள். நாட்டின் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் மன்னிப்புக் கேட்டது. கோச்சுகள் பிள்ளைகளை எடை போடக் கூடாது என்று அதற்குப் பிறகு விதி வந்தது.

எல்லி டௌனி 2016 ரியோவில் ஃப்ளோரில் தலையும் கழுத்தும் அடிபட விழுந்தாள். டாக்டர்கள் பார்த்த பிறகு திரும்ப வந்து வால்ட் செய்தாள். மறுநாள் எல்லோரும் அவள் வீரத்தைப் புகழ்ந்தார்கள். அப்போது அவளுக்கு 17 வயது. எனக்கு அந்தப் புகழ்ச்சி பயமாக இருந்தது. மறு வருஷம் அவள் ஐரோப்பிய ஆல்-அரவுண்ட் தங்கம் வாங்கினாள், இங்கிலாந்துப் பெண்களில் முதல் ஆள். 2023இல், 23 வயதில், மன நிம்மதிதான் முக்கியம் என்று விலகிவிட்டாள். அக்கா 32இலும் ஆடினாள், தங்கை 23இல் நிறுத்திக்கொண்டாள். இரண்டையும் நான் மதிக்கிறேன். இரண்டு பேரும் தங்கள் வாயால் சொல்லி முடிவெடுத்தார்கள்.

உன் கோச் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னை யாரும் அதட்டவில்லை. பின்னே ஏன் மறைத்தாய்? நான் சொல்லட்டுமா? அப்பாதான். வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து வந்து, உன்னைக் கூட்டிப் போய், கார் பார்க்கில் ஃபிளாஸ்க் டீயோடு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாரே. அவர் காத்திருப்பதை நீ கடனாகக் கணக்கு வைத்திருக்கிறாய். வலிக்கிறது என்று சொன்னால் அத்தனை நேரமும் வீண் என்று ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாய். உங்கப்பாவிடம் நான் கேட்டேன், உன் பேச்சு எடுக்காமல் சும்மாதான். "அந்த நேரத்தில்தான் அண்ணி, இளையராஜாவை முழுசாகக் கேட்க முடிகிறது" என்றார். அவருக்கு நீ எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை.

இப்போது பிசியோ பேசுகிறேன், கவனமாகக் கேள். உன் முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கிற எலும்பின் நுனியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். அது இன்னும் கெட்டியாகாத குருத்து. மற்ற பிள்ளைகள் மணிக்கட்டில் நிற்பதில்லை. நீ நிற்கிறாய், குட்டிக்கரணம் போடுகிறாய், வால்ட்டில் முழு வேகத்தில் ஓடிவந்து அறைகிறாய். ஒவ்வொரு தடவையும் அந்தக் குருத்து நசுங்குகிறது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஆறு வாரம் ஆகலாம், இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். கொடுக்காமல் போனால் தட்டு காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். அந்த எலும்பு அங்கேயே நின்றுவிடும், பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போய் மணிக்கட்டில் இடிக்கும். அது வாழ்நாள் வலி. உனக்கு அந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் நானும் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது. அதன் மேல் டேப்பைச் சுற்றிக்கொண்டு போவதை மட்டும் இன்றோடு நிறுத்து.

திங்கட்கிழமை ஜிம்முக்குப் போனதும், வார்ம்-அப் தொடங்குவதற்கு முன்னால், கோச்சிடம் போய்ச் சொல்: "வலது மணிக்கட்டு ஜனவரியிலிருந்து வலிக்கிறது. கையை ஊன்றினால் வலிக்கிறது. இதுவரை சொல்லாதது என் தப்பு." அவ்வளவு போதும். "பரவாயில்லை, கொஞ்சம்தான்" என்று வாலில் சேர்க்காதே. கையை ஊன்றாமல் செய்ய எவ்வளவோ இருக்கிறது. கால் பலம், வயிற்றுப் பலம், பீமில் தாவல்கள், திருப்பங்கள், ஃப்ளோரில் நடனம். உன் நடனம் இன்னும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. பாட்டோடு சேர்ந்து அசைய இந்த ஆறு வாரம் நல்ல சமயம்.

மே மாத ட்ரையலுக்குப் போ. போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போய் நின்றதும் முதல் வேலையாக மணிக்கட்டைப் பற்றிச் சொல். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, டாக்டர் பார்த்தாரா என்று கேட்டால் நல்ல இடம். அடுத்த போட்டி எப்போது என்று முதலில் கேட்டால், அல்லது மற்ற பெண்கள் எல்லாம் வலியோடுதான் செய்கிறார்கள் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அப்பா காருக்கு வந்துவிடு. அன்றைக்கு அவர்கள் உன்னைத் தேர்வு செய்கிற அளவுக்கு நீயும் அவர்களைத் தேர்வு செய்ய வேண்டும். வாரம் இருபது மணி நேரம் உன்னை யாரிடம் விடுகிறோம் என்று எங்களுக்கும் தெரிய வேண்டுமே.

இன்னொன்று, பெண்ணுக்குப் பெண் பேசுவது. போன வருஷத்தைவிட நாலு விரற்கடை வளர்ந்திருக்கிறாய். பார்ஸில் கணக்குத் தப்புவது அதனால்தான். நீளம் கூடினால் சுழலும் நேரமும் மாறும், கை பிடிக்க வேண்டிய நொடியும் மாறும். நீ குண்டாகிவிட்டாய் என்று அர்த்தமில்லை. அன்றைக்கு நீ மூன்றாவது தோசை வேண்டாம் என்று தட்டைத் தள்ளியதையும் நான் பார்த்தேன். பசி இல்லாமல் தள்ளினால் சரி. இந்தப் பயிற்சிக்கு வேண்டிய அளவு சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், பிறகு எலும்பில் கை வைக்கும். மூன்று மாதம் வராமல் போனால் அது நல்ல ஜிம்னாஸ்ட்டின் அடையாளம் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். யார் சொன்னாலும் நம்பாதே. அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல். ராத்திரி பதினொன்றானாலும் மெசேஜ் போடு.

2022 நவம்பரில் இங்கே லிவர்பூலில் உலகப் போட்டிக்கு உன்னைக் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? ஜெசிகா ஃப்ளோரில் தங்கம் வாங்கிய நாள். நீ நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாய், பின்னால் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். பிறகு அவளுக்கே முழங்கால் தசைநார் கிழிந்து பாரிஸ் போக முடியாமல் ஆயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று நீ எனக்கு போன் செய்து, "அவ திரும்ப வருவாளா பெரியம்மா?" என்று கேட்டாய். அவள் ஏன் சொன்னாள், மறைத்துக்கொண்டு ஆடியிருக்கலாமே என்று நீ கேட்கவே இல்லை. அவளுக்காக நினைத்ததை உனக்காகவும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

அம்மாவிடம் புதன்கிழமைக்குள் நீயே சொல்லிவிடு. வியாழக்கிழமை நான் அவளுக்கு போன் செய்வேன், அப்போது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் கத்துவாள், பத்து நிமிஷம். பிறகு அவளே டாக்டரிடம் நேரம் கேட்டு வைப்பாள். எக்ஸ்ரே எடுத்தால் படத்தை எனக்கு அனுப்பச் சொல்.

அருணிடம் கொடுக்கச் சொல்லி முறுக்கு ஒரு டப்பா பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கும். அவனையே திறக்கச் சொல். ஜூன் வரைக்கும் அந்த வீட்டில் மூடி திறக்கிற வேலை அவனுடையது.

அன்புடன்,
பெரியம்மா